செத்தவீட்டுக்குப் போகலாமா என்று சட்டத்தரணியிடம் கேட்ட கதை

எங்கள் தொழிலில் இருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் சட்டத்தரணிகளைத் திட்டாமல் எழும்புவதில்லை. வாயைத் திறக்காதே என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு ஆலோசனை தெரியாது என்போம். அவர்கள் எங்களைப் பற்றிச் சொல்வதும் காதுக்கு வந்திருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு கட்சிக்காரரின் வாயைக் கிளறிவிடுகிறவர்களாம் நாங்கள். கிளிநொச்சியில் மக்கள் தொடர்பு என்று ஒரு தொழிலா என்று சிரிப்பவர்களும் உண்டு. இருக்கிறது, பெயர்ப்பலகைதான் இல்லை. ஒரு காலத்தில் பத்திரிகைக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தவன் நான். இப்போது கூட்டுறவுச் சங்கம், தனியார் கல்வி நிலையம், மில் என்று யாருக்காவது அறிக்கை எழுதிக்கொடுக்கிறேன், நிருபர்களின் கேள்விகளுக்குப் பதில் தேடிக்கொடுக்கிறேன், முகநூலில் பெயர் நாறினால் அடுத்து என்ன செய்வது என்று சொல்கிறேன். இந்த வேலையில் என் பக்கத்துக் கதிரையில் அடிக்கடி ஒரு சட்டத்தரணி இருப்பார். பெரும்பாலும் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசமாட்டோம். கட்சிக்காரர்தான் நடுவில் நின்று இருவரிடமும் மாறி மாறிக் கேட்பார்.

இப்படித்தான் நடக்கவேண்டுமா என்ற கேள்வி ஒரு மில் சாவுக்குப் பிறகு என்னை விடவில்லை. சில வருடங்களாகிவிட்டன. ஊரையும் ஆட்களையும் அடையாளம் தெரியாத அளவுக்குச் சொல்கிறேன்.

பெரும்போக அறுவடை முடிந்து நெல் வந்து குவிந்திருந்த காலம். ஏ9 வீதியிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஓர் அரிசி மில் இரவும் பகலும் ஓடியது. ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டில் அகப்பட்டு ஒரு தொழிலாளி இறந்துபோனார். பின்னேரமே ஒரு முகநூல் பக்கத்தில் ‘மர்ம மரணம்’ என்று செய்தி வந்தது. முதலாளி குடித்திருந்தார் என்று ஒருவர், பிரேதத்தை மறைக்கப் பார்த்தார்கள் என்று இன்னொருவர், ரொறொன்ரோவில் இருந்துகொண்டு எல்லாம் நேரில் பார்த்தது போல் மூன்றாமவர். முதலாளி என்னைக் கூப்பிடும்போதே வவுனியாவில் ஒரு சட்டத்தரணியோடு பேசியிருந்தார். “செத்தவீட்டுக்குப் போகவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டார் தம்பி. போனா ஏதாவது வாய்தவறிச் சொல்லுவனாம், ஒருத்தன் போனிலை எடுப்பானாம், பிறகு அது கோட்டிலை வருமாம். நான் என்னண்டு போகாமல் இருக்கிறது? பதினொரு வருசம் என்னோடை நிண்டவன்.”

வன்னியில் ஒரு முதலாளி தன்னிடம் வேலை செய்தவனின் செத்தவீட்டுக்குப் போகாவிட்டால் அதற்குப் பிறகு அவர் எந்த அறிக்கை விட்டும் பயனில்லை. எந்தப் பத்திரிகையில் எத்தனை பத்தி வந்தாலும் ஊர் அவரைப் பற்றி முடிவெடுத்துவிடும். அந்தச் சட்டத்தரணி வேறு நாட்டில் இருந்து வந்தவரல்லர், அவருக்கும் இது தெரியும். ஆனால் அவரிடம் கேட்கப்பட்டது ஒரேயொரு கேள்வி: வழக்குக்கு எது பாதுகாப்பு? அதற்கு அவர் சரியான பதிலைத்தான் சொன்னார். என்னிடமும் ஒரேயொரு கேள்விதான் வந்தது: ஊருக்கு எது நல்லது? தனித்தனியாகக் கேட்டால் தனித்தனிப் பதில்தான் வரும். முதலாளியிடம் நான் சொன்னேன்: “அண்ணை, நாளைக்குக் காலமை நாங்கள் இரண்டு பேரும் வவுனியாவுக்குப் போவம். சேரிட்டை நேரிலை இருந்து கதைப்பம்.”

பேசாமல் இருப்பதன் விலை

வவுனியா போவதற்கு முன் ஒன்றைச் சொல்லவேண்டும். சட்டத்தரணிகளின் ‘பேசாதே’ கொழும்பில் ஒரு மாதிரிக் கேட்கும், இங்கே வேறு மாதிரிக் கேட்கும். 2009 மே மாதம் போர் முடிந்தபோது வட்டுவாகலில் பிள்ளையை இராணுவத்திடம் கையளித்த தாய்மார் இருக்கும் மண் இது. பிள்ளை எங்கே என்று அவர்கள் கேட்ட கேள்விக்கு வந்த பதில் பெரும்பாலும் மௌனம்தான். கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 அன்று அவர்கள் உட்காரத் தொடங்கியதே அந்த மௌனம் பொறுக்காமல்தான். அதனால் இங்கே பதில் சொல்லாமல் இருக்கும் எவரும், அரசாங்கமோ மில் முதலாளியோ, எதையோ ஒளிக்கிறார் என்றே சனம் எடுத்துக்கொள்ளும். சட்டப்படி மௌனம் ஓர் உரிமை என்று விளங்கப்படுத்திக்கொண்டிருக்க முடியாது.

மன்னார் சதொச வளவு இதற்கு நல்ல உதாரணம். 2018இல் கட்டட வேலைக்குத் தோண்டியபோது எலும்புக்கூடுகள் வந்தன. 300க்கும் மேல். அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள ஆய்வுகூடத்துக்கு மாதிரிகள் போயின. 2019 மார்ச்சில் அறிக்கை வந்தது: 1404இற்கும் 1635இற்கும் இடைப்பட்ட காலம். அன்று பின்னேரமே அந்த இரண்டு எண்களும் நாடு முழுக்க ஓடின. போர்த்துக்கேயர் காலம், கதை முடிந்தது என்று தலைப்புகள். அனுப்பப்பட்டது ஆறு மாதிரிகள்தான், அகழ்வில் கிடைத்த மற்றத் தடயங்களையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்றெல்லாம் பாதிக்கப்பட்டோர் பக்கத்துச் சட்டத்தரணிகள் கேட்டார்கள். அவை நியாயமான சட்டக் கேள்விகள். ஆனால் எலும்பின் வயதைக் கணிக்கும் கதிரியக்கக் காபன் காலக்கணிப்பு என்றால் என்ன, ஆறு மாதிரி போதுமா, நீதவான் இனி என்ன செய்யலாம் என்பதை அறிக்கை வருவதற்கு முதல் நாளே எளிய தமிழில் எழுதி நிருபர்களின் கையில் கொடுக்க ஆள் இருந்திருந்தால், அந்த இரண்டு எண்களோடு மூன்றாவதாக ஒரு வசனமும் ஓடியிருக்கும். முடிவு மாறியிருக்கும் என்று சொல்லவில்லை. அந்தக் கிழமை வெளியான செய்திகளின் தொனி மாறியிருக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. முல்லைத்தீவின் கேப்பாப்பிலவில் பிலக்குடியிருப்புச் சனம் விமானப்படை வைத்திருந்த தங்கள் காணியைக் கேட்டு 2017 ஜனவரி 31 முதல் விமானப்படை முகாம் வாசலில் கிடந்து, மார்ச் 1 அன்று காணிக்குள் கால் வைத்தார்கள். அங்கே எந்த மக்கள் தொடர்பு நிபுணரும் இல்லை. பெண்களே பேசினார்கள். ஒரே கதையை, ஒரே காணி விபரத்தை, வந்த ஒவ்வொரு கமராவுக்கும் அலுக்காமல் சொன்னார்கள். எங்கள் தொழிலில் காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுப்பது அதைத்தான்.

ஒரே மேசை

வவுனியா நீதிமன்றத்துக்குக் கிட்ட, கோப்புகள் கூரை வரை அடுக்கிய சின்ன அறை. சட்டத்தரணிக்கு அறுபது தாண்டியிருக்கும். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. “நீர்தானோ அந்தப் பேப்பர்க்காரன்?” என்றார். முதல் நாள் இரவு முதலாளி சொல்லச் சொல்ல நான் எழுதிய வரைவு என்னிடம் இருந்தது. வாசிக்கச் சொன்னார்.

முதல் வசனம்: ‘எமது கவனக்குறைவினால் நிகழ்ந்த இந்த இழப்புக்கு ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவிக்கிறோம்.’ பேனையை எடுத்து முதல் இரண்டு சொற்களையும் வெட்டினார். எதிர்பார்த்ததுதான். 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தில் ஒருவர் தனக்கு எதிராக ஒத்துக்கொள்வது சான்றாகும். மரண விசாரணை முடியவில்லை, தொழில் திணைக்களம் வரவில்லை, பொலிஸ் என்ன எழுதுமென்று தெரியாது. இந்த நிலையில் காரணத்தை எங்கள் கையாலேயே எழுதிக்கொடுப்பதா? ‘வருத்தத்தைத் தெரிவிக்கிறோம்’ இருக்கட்டும் என்றார். மன்னிப்புக் கேட்பதைக் குற்றத்தை ஒத்துக்கொண்டதாக எடுக்கக்கூடாது என்று தனிச்சட்டமே போட்ட இடங்கள் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2006இல் வந்தது, ஹொங்கொங்கில் 2017இல். அப்படி ஒரு சட்டம் கையில் இல்லாதபோது துக்கத்துக்கும் ஒப்புதலுக்கும் நடுவில் கோடு போடும் வேலை சட்டத்தரணியின் பேனைக்குத்தான் வருகிறது.

அடுத்து நடந்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. மூன்றாவது வசனம் முதலாளியின் மச்சான் சேர்க்கச் சொன்னது: ‘ஆலையில் சகல பாதுகாப்பு ஏற்பாடுகளும் நடைமுறையில் இருந்தன.’ இது சட்டத்தரணிக்குப் பிடிக்கும், எங்கள் பக்கத்தைப் பலப்படுத்துகிறது என்று மச்சான் நினைத்தார். உண்மையில் நானும் அவர் அதை விட்டுவிடுவார் என்றே நினைத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முதலாளியைப் பார்த்துக் கேட்டார்: “பெல்டுக்கு மூடி இருந்ததோ?”

அறையில் ஒருவரும் பேசவில்லை.

“இருந்ததோ இல்லையோ?”

“முந்தி இருந்தது. கழட்டினது... திருப்பிப் போடேல்லை.”

“அப்ப இந்த வசனத்தை எழுதினது ஆர்?” வெட்டவில்லை, தாளையே மடித்து வைத்துவிட்டார். “தொழில் திணைக்களத்தார் வந்து பார்ப்பினம். 1942ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்குது, ஓடுற மெசினுக்கு அடைப்பு வேணுமெண்டு. விபத்து ஒரு வழக்கு. இந்த வசனம் பேப்பரிலை வந்தால், அதைக் கொண்டுவந்து என்ரை மூஞ்சியிலை காட்டுவினம். பிறகு நான் சொல்லுற ஒண்டையும் நீதவான் நம்பமாட்டார்.” அப்புறம் என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீர் எழுதுறதை நான் மூண்டு வருசத்துக்குப் பிறகு ஒருத்தன் குறுக்கு விசாரணையிலை வாசிக்கிற மாதிரி வாசிப்பன். அவ்வளவுதான் என்ரை வேலை.”

அந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. நானும் பொய்யான வசனத்தைத்தான் பயப்படுகிறேன், அவரும் அதையேதான் பயப்படுகிறார். நான் பயப்படுவது நாளைக்கு மில்லில் வேலை செய்யும் இன்னொருவன் ‘மூடி இல்லை’ என்று முகநூலில் படம் போடுவான் என்று. அவர் பயப்படுவது அதே படம் வழக்கில் சான்றாக அடையாளமிடப்படும் என்று. ஆனால் அவர் கேட்ட அந்தக் கேள்வியை நான் முதல் நாள் கேட்கவில்லை, எனக்குக் கேட்கத் தோன்றவும் தோன்றாது. ஒரு நிருபர் கேட்கக்கூடிய கேள்விகளை நான் யோசிப்பேன். ஓர் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்கக்கூடியதை அவர் யோசித்திருந்தார். இரண்டு பட்டியலும் ஒரே மேசைக்கு வராமல் வெளியே போகும் அறிக்கை எத்தகையதாக இருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

செத்தவீட்டு விடயம் கடைசியில் வந்தது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: போகாமல் இருந்தால் என்ன பேசுவார்கள், யார் பேசுவார்கள், எந்த வீட்டில் இருந்து தொடங்கும். அவர் குறுக்கிடாமல் கேட்டார். “சரி, போகட்டும். மனிசியையும் கூட்டிக்கொண்டு போகட்டும். போன் வேண்டாம். பந்தலுக்கை இருந்து பிரேதம் எடுத்தாப்பிறகு எழும்பட்டும்.” அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது என்று முதலாளி கேட்டார். பிள்ளைகளின் படிப்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லலாமா? சட்டத்தரணி தலையாட்டி மறுத்தார், செய்ய விரும்பினால் பிறகு செய், சவத்துக்குப் பக்கத்தில் வாக்குக் கொடுக்காதே என்றார். அதோடு எனக்கும் உடன்பாடுதான், அழுகிற இடத்தில் கொடுக்கும் வாக்குறுதியைப் போல ஊரில் திரும்பத் திரும்பக் கணக்குக் கேட்கப்படுவது வேறு எதுவும் இல்லை. “‘தங்கச்சி, நான் வந்திருக்கிறன்’ எண்டு மட்டும் சொல்லும்” என்றார் சட்டத்தரணி.

அப்படியே நடந்தது. இறந்தவரின் சித்தப்பா பந்தலில் வைத்தே ஏசினார். முதலாளி பதில் சொல்லாமல் இருந்தார். சட்டத்தரணி சொன்னது போலவே ஒருவர் போனில் எடுத்து முகநூலில் போட்டார். அதில் இருந்தது பிளாஸ்ரிக் கதிரையில் தலைகுனிந்து ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கும் ஒரு மனிதன். அதை வைத்து ஊரில் ஒருவருக்கும் பெரிதாக ஒன்றும் எழுத முடியவில்லை.

காசோலைப் படம்

எட்டுச் செலவு முடிவதற்குள் மச்சான் இன்னொரு யோசனையோடு வந்தார். விதவைக்குக் காசோலை கையளிக்கவேண்டும், பின்னால் பதாகை, படம் எடுத்துப் பத்திரிகைக்கு. வன்னியில் இந்தப் படத்தைத் தெரியாதவர் இல்லை. போர் முடிந்த பிறகு தையல் மெசினில் இருந்து கோழிக்குஞ்சு வரை பதாகைக்கு முன்னால் நின்று வாங்கிய சனம் நாங்கள். அந்தப் படங்களில் கொடுப்பவர் கமராவைப் பார்ப்பார், வாங்குபவர் நிலத்தைப் பார்ப்பார். அந்தப் படம் வந்தால் மில்லின் பெயர் இன்னும் கெடும் என்று நான் சொன்னேன். மச்சானுக்கு விளங்கவில்லை. சட்டத்தரணிதான் ஒரே வசனத்தில் முடித்தார்: வேலைத்தலத்தில் ஏற்பட்ட மரணத்துக்கான நட்டஈட்டை 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி ஆணையாளரிடம் வைப்புச் செய்யவேண்டும், கையில் கொடுத்துப் படம் எடுத்தால் அது கணக்கில் வராது. மானத்தைப் பற்றி நான் அரை மணி நேரம் பேசியும் கேட்காதவர் சட்டப்பிரிவைக் கேட்டதும் அடங்கிவிட்டார். அன்றிலிருந்து சில கட்சிக்காரர்களிடம் நல்ல புத்தியைச் சட்டத்தரணியின் வாயால் சொல்லவைப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது.

மூடி விடயத்திலும் அப்படித்தான். இப்போது போட்டால் முன்பு இல்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடாதா என்று மச்சான் கேட்டார். பொலிசும் தொழில் திணைக்களமும் பார்த்துப் படம் எடுத்து முடிந்த அன்றே போடவேண்டும் என்று சட்டத்தரணி கோபத்தோடு சொன்னார். இன்னொருவன் கை போனால் யார் பதில் சொல்வது? மில் திரும்பத் திறந்தபோது நான் எழுதிய சிறு அறிவித்தலில் மூடி போட்ட செய்தி இருந்தது. அதை அவரே வாசித்து அனுமதித்தார், அடைமொழிகளை மட்டும் எடுத்துவிட்டார்.

நான் யாருடைய ஆள்?

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே வட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கியிருந்தார்கள். முதலாளி, மச்சான், கணக்குப்பிள்ளை, கனடாவில் இருக்கும் தமையன், நான். வரைவுகள், கோபங்கள், ‘கமராப் பதிவை அழிக்கலாமா’ என்ற கேள்வி, எல்லாம் அதில். சட்டத்தரணி அதைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அழிக்கக்கூடாது, ஒன்றையும் அழிக்கக்கூடாது, இனி எழுதவும் கூடாது என்றார். அவரிடம் கட்சிக்காரர் சொல்வதற்குச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு இரகசியப் பாதுகாப்புத் தருகிறது. 127ஆம் பிரிவு அந்தப் பாதுகாப்பை அவருடைய எழுதுவினைஞருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் நீட்டுகிறது. மக்கள் தொடர்பு ஆள் அந்தப் பட்டியலில் இல்லை. முதலாளி என்னிடம் மனம்விட்டுச் சொன்னதை நாளைக்கு நீதிமன்றம் கேட்டால் நான் எதைக் காட்டி மறுப்பது?

இது எங்களுக்கு மட்டும் உள்ள சிக்கலில்லை. நியூயோர்க்கில் 2000ஆம் ஆண்டு கல்வின் கிளைன் வர்த்தகக் குறி வழக்கில், சட்டத்தரணிகள் அமர்த்திய மக்கள் தொடர்பு நிறுவனமாக இருந்தாலும் அது செய்தது வழமையான விளம்பர ஆலோசனைதான் என்று சொல்லி நீதிமன்றம் பாதுகாப்பை மறுத்தது. அதே நகரில் 2003இல் வேறொரு வழக்கில் இன்னொரு நீதிபதி, குற்றச்சாட்டைத் தவிர்க்கும் சட்ட வேலைக்கு உதவவே சட்டத்தரணிகள் மக்கள் தொடர்பு ஆட்களை அமர்த்தினார்கள் என்று பார்த்து, அந்த உரையாடல்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்தார். எங்கள் நீதிமன்றங்களை அவை கட்டுப்படுத்தா. ஆனாலும் அன்றிலிருந்து வழக்கு வாசனை அடிக்கும் எந்த வேலையிலும் கட்சிக்காரர் என்னைக் கூப்பிட்டால், முதலில் உங்கள் சட்டத்தரணியை என்னோடு பேசச் சொல்லுங்கள் என்பேன். என்னை அமர்த்தும் கடிதம் அவருடையதாக இருக்கட்டும், நான் அவருக்கு எழுதுகிறேன். காசு கொஞ்சம் பிந்தி வரும், அது வேறு கதை.

நீதித்துறையைப் பற்றி வாய் தவறினால் என்னாகும் என்பதற்கு இங்கே உதாரணம் தேடவேண்டியதில்லை. 2017இல் அலரி மாளிகைக்கு வெளியே ஊடகங்களிடம் சொன்ன சில வசனங்களுக்காக நடிகரும் அரசியல்வாதியுமான ரஞ்சன் ராமநாயக்கவுக்கு 2021 ஜனவரியில் உயர் நீதிமன்றம் நான்கு வருடச் சிறை கொடுத்தது. 2024இல் நீதிமன்ற அவமதிப்புக்கென்று தனிச்சட்டம் வந்துவிட்டது. நீதிமன்ற வாசலில் கமராவைக் கண்டதும் சட்டத்தரணிகள் ஒதுங்குவதை நான் பயந்தாங்கொள்ளித்தனம் என்று நினைத்ததுண்டு. அவர்களுக்கு 1988ஆம் ஆண்டின் நடத்தை விதிகளும் உண்டு, தங்களை விளம்பரப்படுத்தக்கூடாது. பேசவேண்டியதை அவர் சரிபார்த்து, வேறொருவர் பேசுவது இரண்டு பேருக்கும் நல்லது.

இவ்வளவும் எழுதிய பிறகும் ஒன்று அடங்கவில்லை. இறுதி அறிக்கையில் மூடி இல்லாதது வரவில்லை. பொய் ஒன்றும் எழுதவில்லை, ஆனால் முழுவதையும் எழுதவும் இல்லை. அது மரண விசாரணையில் வந்தது, வரவேண்டிய இடத்தில் வந்தது என்று சட்டத்தரணி சொல்வார். அவர் சொல்வது சரியாக இருக்கலாம். அந்தப் பெண் அதை முதன்முதலாகக் கேட்டது ஒரு மண்டபத்தில், அந்நியர்களுக்கு நடுவில். அவருக்கும் ஒரு சட்டத்தரணி இருந்தார், நல்ல மனிதர், இலவசமாகத்தான் வந்தார். ஆனால் நிருபர்கள் அவரிடம் என்ன கேட்பார்கள், எதைச் சொல்லாமல் விடலாம், படம் எடுக்க வருபவனை எப்படி மறிப்பது என்று சொல்லிக்கொடுக்க அவர் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. மேசையின் இந்தப் பக்கத்தில் இரண்டு தொழில்காரர்கள், அந்தப் பக்கத்தில் ஒருவர். இரண்டு தொழிலும் சேர்ந்து வேலை செய்வது நல்லது என்று நான் வாதாடும்போதெல்லாம், அந்தச் சேர்க்கையை விலைக்கு வாங்கக்கூடியவர்கள் யார் என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

போன மாதம் முல்லைத்தீவில் இருந்து ஓர் இளம் சட்டத்தரணி அழைத்தார். சில குடும்பங்களின் காணி வழக்கு. யூரியூப்காரர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள், சனம் ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஏக்கர்க் கணக்குச் சொல்கிறார்கள், அடுத்த தவணைக்கு முதல் ஒருக்கால் வந்து இருக்கமுடியுமா, காசு தர இல்லை அண்ணா என்றார். வருகிறேன் என்றேன், ஆனால் முதலில் மனுவின் பிரதியையும் எந்தெந்த வசனங்களைச் சொல்லவே கூடாது என்ற பட்டியலையும் அனுப்பச் சொன்னேன். மனு அன்றிரவே வந்துவிட்டது. பட்டியலை அவர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். குடும்பங்களோடு இருந்துதான் எழுதவேண்டியிருக்கிறதாம், சனிக்கிழமை என்னையும் அங்கே வரச் சொல்லியிருக்கிறார்.